நிறைந்த தட்டும் மெலியும் முதுமையும்

முதியோர் இல்லங்களில் ஊட்டக்குறைவு: ஒரு விளக்கம்

தோற்றுவாய்

மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்னும் பெண்ணொருத்தி வருகின்றாள். முனிவர் ஒருவரின் சாபத்தால் யானைத்தீ என்னும் பெரும்பசி நோய் அவளைப் பற்றிக்கொள்கின்றது. எவ்வளவு உண்டாலும் அடங்காத அப்பசி, மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட உணவால் தணிகின்றது. பசியைப் பிணியென்றே கருதிய நம் முன்னோர், உணவிடுதலைத் தலையாய அறமாகப் போற்றினர்.

இன்று நாம் காணும் பிணியொன்று காயசண்டிகையின் நோய்க்கு நேர்மாறானது. சோறு எதிரே இருக்கின்றது, பசி எழவில்லை. பசி எழுந்தாலும் மெல்லப் பல் இல்லை. மென்றாலும் விழுங்க இயலவில்லை. விழுங்க இயன்றாலும் கையெடுத்து ஊட்ட அருகில் ஆள் இல்லை. இதனைப் பட்டினி என்று எவரும் சொல்வதில்லை. இல்லத்தின் பதிவேட்டில் மூன்று வேளையும் உணவு வழங்கப்பட்டதாக எழுதப்பட்டிருக்கும், அஃது உண்மையுங்கூட. ஆயினும் அம்முதியவரின் உடல் மாதத்துக்கு மாதம் தேய்ந்துகொண்டே போகும்.

உணவு வழங்கப்பெற்றதா என்னும் வினாவோடு நாம் நின்றுவிடுகின்றோம். அஃது உடலிற் சேர்ந்ததா என்னும் இரண்டாம் வினாவைக் கேட்பதில்லை. அவ்வினாவை ஏன் கேட்டல் வேண்டும், எவ்வாறு கேட்டல் வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காலடிப்பேட்டையும் கஞ்சித்தொட்டியும்

நாம் வாழும் வடசென்னைக்கும் இவ்வினாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட் என்பவர் பெயரால் அமைந்த நெசவாளர் குடியிருப்பு. காலட் பேட்டை என்பதே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. நெசவுக்குப் பின்னர் இப்பகுதிக்குத் தொழிற்சாலைகள் வந்தன. எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946ஆம் ஆண்டில் திருவொற்றியூரில்தான் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிற்று. என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை 1950களில் இங்கு எழுந்தது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் மீன்பிடி படகுகளிலும் உடலுழைத்த தலைமுறை இன்று முதுமை எய்தியுள்ளது. மக்கள் வேலை தேடியும் வாடகைக்கு அஞ்சியும் நகரின் புறத்தே சென்றுவிட, பெற்றோருட் சிலர் முதியோர் இல்லங்களை நாடவேண்டியவராயினர்.

இராயபுரத்தை ஒட்டியுள்ள மணியக்காரர் சத்திரத்தின் வரலாறு ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஹைதர் அலியுடன் நிகழ்ந்த போரையும் அதனோடு வந்த பஞ்சத்தையும் அடுத்து, 1782ஆம் ஆண்டளவில் பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்கும் இடமாக அது தோன்றிற்று. கஞ்சிக்கு வந்தவர்களுட் பலர் நோயாளிகளாக இருந்தமையால் அதனருகே மருத்துவமனை ஒன்றும் தேவைப்பட்டது. அம்மருத்துவமனையே வளர்ந்து இன்றைய ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஆயிற்று. 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி உருவான பின்னரும், வடசென்னை மக்கள் நெடுங்காலம் அதனைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே வழங்கினர். சத்திரமோ ஆதரவற்ற முதியோர்க்குப் புகலிடமாகத் தொடர்ந்தது.

இவ்வரலாறு நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. கஞ்சி வார்த்தோர் கஞ்சியோடு நிற்கவில்லை. குடித்தவரின் உடல் தேறவில்லை என்பதைக் கண்டதனாலேயே மருத்துவமனை எழுந்தது. வழங்கியதோடு அமையாமல் பெற்றவரின் உடலையும் நோக்கும் அம்மரபை நம் முதியோர் இல்லங்கள் மீட்டெடுத்தல் வேண்டும்.

ஊட்டக்குறைவு என்பது யாது?

வயிறு காலியாக இருப்பது பசி. உடலுக்கு வேண்டிய ஆற்றலும் புரதமும் உயிர்ச்சத்துகளும் தாது உப்புகளும் போதிய அளவு கிடைக்காமை ஊட்டக்குறைவு. இரண்டும் எப்போதும் ஒன்றாக வருவன அல்ல. வயிறு நிறையச் சோறும் இரசமும் உண்பவர்க்கும் ஊட்டக்குறைவு உண்டாகலாம். பருத்த உடலினருக்கும் தசை குன்றியிருக்கலாம்.

வயது ஏற ஏறத் தசை இயல்பாகவே சிறிது குறைகின்றது. புரதக் குறைவும் படுக்கையும் நோயும் சேரும்போது அக்குறைவு விரைவடைகின்றது. தசை குன்றினால் எழுந்து நிற்க இயலாது, நடை தளரும், விழுந்தால் எலும்பு முறியும். நோய் எதிர்க்கும் ஆற்றல் குன்றிச் சளி, காய்ச்சல் ஆகியன நீடிக்கும். படுத்த உடம்பில் புண் தோன்றினால் ஆறாது. இவ்வாறு ஊட்டக்குறைவு தன் பெயரை மறைத்துக்கொண்டு வேறு நோய்களின் பெயரால் உயிரைக் கவர்கின்றது. இறந்தவர்க்குக் ‘காய்ச்சல்’ என்றோ ‘மூப்பு’ என்றோ எழுதப்படுமேயன்றி, ஆறு மாதமாக அவர் உண்ணவில்லை என எழுதப்படுவதில்லை.

2017-18ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் வீடுகளில் வாழ்வோரிடம் நடத்தப்பெற்ற இந்திய முதுமையியல் நெடுங்கால ஆய்வு, 60 வயதும் அதற்கு மேலும் உடையோருள் 27 விழுக்காட்டினர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர் எனக் கண்டது. வீட்டில் இருப்போர் நிலையே இதுவாயின், நோயும் தனிமையும் மிகுந்து இல்லங்களை அடைந்தோர் நிலை மேலும் கவனத்துக்குரியது. தமிழகத்தின் மக்கள் தொகையில் 60 வயது கடந்தோர் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தனர். முதுமையில் முந்தி நிற்கும் மாநிலங்களுள் நம்முடையதும் ஒன்று.

‘வயதானால் மெலிவது இயல்பு’ என்பது நம்மிடையே வேரூன்றிய கருத்து. இதுவே இப்பிணியின் முதல் துணை. மூப்பினால் நடை மெதுவாகலாம், கேள்வி மந்தமாகலாம். ஆனால் சில மாதங்களில் ஐந்து கிலோ எடை குறைவது மூப்பு அன்று. அதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதனைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும்.

உண்டும் மெலிவது ஏன்?

காரணங்களை மூன்று வகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, உடலைச் சார்ந்தவை. முதுமையில் சுவையும் மணமும் மங்குகின்றன, சிறிது உண்டவுடன் வயிறு நிறைந்த உணர்வு வந்துவிடுகின்றது, தாகம் தோன்றுவதில்லை. பல் விழுந்தோ, பல் செட்டு பொருந்தாமலோ கடினமானவற்றை ஒதுக்குவர். அவ்வாறு ஒதுக்கப்படுவன பெரும்பாலும் இறைச்சி, கொட்டை, காய், கனி போன்ற சத்துள்ள பொருள்களே. பக்கவாதமும் பார்கின்சன் நோயும் விழுங்கும் ஆற்றலைக் குறைக்கும். மறதி நோயுற்றவர் உண்டதையும் மறப்பர், உண்ணாததையும் மறப்பர். மலச்சிக்கலும் வாய்ப்புண்ணும் பசியைக் கெடுக்கும். சர்க்கரை நோய்க்கு வழங்கப்படும் மெட்ஃபார்மின் முதலிய சில மருந்துகளும் பசியைக் குறைக்கக்கூடியவை.

இரண்டாவது, உள்ளத்தைச் சார்ந்தவை. துணையை இழந்தவர், மகன் வருவான் என வாயிலை நோக்கியிருப்பவர், பழகிய தெருவை விட்டுப் பிரிந்தவர் ஆகியோர்க்கு உணவில் நாட்டம் குறைகின்றது. மனச்சோர்வு முதியோரிடம் அழுகையாக வெளிப்படாமல் ‘சாப்பாடு வேண்டாம்’ என்னும் சொல்லாக வெளிப்படுவதுண்டு. மானமும் ஒரு தடை. வாழ்நாளெல்லாம் பிறர்க்கு இட்டு உண்ட கை, மறுசோறு கேட்கக் கூசுகின்றது. இரவில் கழிவறைக்கு எழுப்பித் தொல்லை தரலாகாது என்று எண்ணி, மாலைக்கு மேல் நீரையும் உணவையும் தாமே குறைத்துக்கொள்வோரும் உளர்.

மூன்றாவது, இல்லத்தின் நடைமுறையைச் சார்ந்தவை. இருபது பேருக்கு ஊட்ட இரண்டு பணியாளர் மட்டும் இருந்தால், ஒருவர்க்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடைப்பது அரிது. மெல்ல உண்பவரின் தட்டு பாதியிலேயே எடுக்கப்பட்டுவிடும். பணியாளர் முறை மாறும் வசதிக்காக இரவு உணவு ஆறரை மணிக்கே முடிந்துவிடும். காலை உணவு எட்டரை மணிக்கு வரும். இடையே பதினான்கு மணி நேரம். அமெரிக்க நாட்டு விதிகள் இப்பதினான்கு மணி நேரத்தையே மேல் எல்லையாக வைத்து, அதற்கு மேற்படாதவாறு உணவு வழங்குமாறு முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு ஆணையிடுகின்றன.

இம்மூன்றாம் வகையில் நம் பங்கும் உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்லுதல் வேண்டும். காலடிப்பேட்டையை அடுத்த ஓர் இல்லத்துக்குப் பெருநாளையொட்டி நாமும் நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் கொண்டுசென்றோம். மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள்; நம்மோடு அமர்ந்து நெடுநேரம் உரையாடினார்கள். தட்டுகளைத் திரும்ப எடுக்கும்போதுதான் கண்டோம்: பலரது தட்டில் சோறு ஓரளவு குறைந்திருந்தது, இறைச்சித் துண்டுகள் அப்படியே ஓரத்தில் ஒதுக்கப்பட்டிருந்தன. ‘நல்லா இருந்துச்சு வாப்பா, பல்லுதான் ஒத்துக்கல’ என்றார் ஒரு மூதாட்டி. நாம் அவருக்கு உணவிட்டதாக எண்ணியிருந்தோம். உண்மையில் நம் மனநிறைவையே உண்டு திரும்பியிருந்தோம். அதே இறைச்சியைக் கொத்தி நோன்புக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொண்டுசென்றிருந்தால் அவர் உண்டிருப்பார்.

அரிசிக் கணக்கு

உணவின் அளவு பற்றிய சர்ச்சை சென்னைக்குப் புதிதன்று. 1876-78 பெரும்பஞ்சத்தின்போது, அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரணப் பணியில் உழைப்போர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியம் போதும் என 1877இல் படியைக் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு அவ்வளவு தானியம் போதாது, பருப்பு முதலிய துணைப் பொருள்களும் வேண்டும் என்பது அவர் வாதம். அளந்து கொடுத்த அரிசியைக் கொண்டு கணக்கை முடிப்பதா, உண்டவர் உடலைக் கொண்டு முடிப்பதா என்பதே அன்றைய சர்ச்சையின் உட்பொருள்.

இன்றைய அறிவியல், முதியவர் ஒருவர்க்கு ஒவ்வொரு கிலோ உடல் எடைக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கலோரி ஆற்றலும், குறைந்தது ஒரு கிராம் புரதமும் வேண்டும் என்கின்றது. 45 கிலோ எடையுள்ள பாட்டி ஒருவர்க்கு 1350 கலோரியும் 45 கிராம் புரதமும் வேண்டும். அவர் நாள் முழுவதும் இட்லியாகவும் சோறாகவும் கஞ்சியாகவும் 200 கிராம் அரிசியை உண்பதாகக் கொள்வோம். அதிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 700 கலோரியும் 15 கிராம் புரதமும் ஆகும். சாம்பாரில் 30 கிராம் பருப்பு சேர்ந்தால் மேலும் 100 கலோரியும் 7 கிராம் புரதமும் கிடைக்கும். ஆக, தேவையில் பாதியளவு புரதமே வந்தது. தட்டிலோ சோறு குவிந்திருந்தது.

மீதிப் பாதியை நிரப்ப அயல்நாட்டு மாவுகள் வேண்டுவதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. முந்நூறு மில்லி பால் அல்லது தயிரில் 10 கிராம் உண்டு. இருபது கிராம் பொட்டுக்கடலை மாவு 4 கிராம் தரும். காசிமேட்டுக் கரையிலிருந்து வரும் மீனில் முள் நீக்கிய ஐம்பது கிராம் சதை ஏறத்தாழ 9 கிராம் தரும். கஞ்சியில் பொட்டுக்கடலை மாவைக் கரைத்தலும், பருப்பில் ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ கூட்டுதலும், தேநீருக்குப் பதிலாகப் பாலில் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ் வழங்குதலும் உணவின் பருமனைப் பெருக்காமல் சத்தைப் பெருக்கும் வழிகள். சிறிதளவே உண்ணக்கூடியவர்க்குப் பருமன் அன்று, செறிவே வேண்டும்.

இவ்விடத்தில் நோன்புக் கஞ்சியை நினைத்தல் பொருந்தும். அரிசியும் பாசிப்பருப்பும் கொத்திறைச்சியும் தேங்காய்ப்பாலும் வெந்தயமும் பூண்டும் சேர்ந்து குழைய வெந்த அக்கஞ்சி, பல்லில்லாத வாய்க்கும் ஏற்றது. ஆற்றலும் புரதமும் உடையது. வெறும் அரிசிக் கஞ்சிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடே, வயிற்றை நிரப்புவதற்கும் உடலை வளர்ப்பதற்கும் உள்ள வேறுபாடாகும்.

அளந்தறியும் வழி

குழந்தைகள் திறத்தில் தமிழகம் இப்பாடத்தை முன்னரே கற்றுவிட்டது. 1980இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறித்தனர். எடை ஏறாத குழந்தையைக் கண்டறிந்து அதற்கே துணை உணவு உருண்டை வழங்கினர். உடல் தேறியதும் அதனை நிறுத்தினர். எவர்க்கு வேண்டும் என்பதைத் தராசு சொல்லிற்று. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அடுத்த ஆண்டே முதியோர் ஓய்வூதியம் பெறுவோர்க்கும் விரிந்தது. சோறு முதியோரை அடைந்தது. ஆனால் தராசு முதியோரை அடையவில்லை. அங்கன்வாடிக் குழந்தைக்கு உள்ள எடை அட்டை அதன் பாட்டிக்கு இல்லை.

முதியோர்க்குரிய அளவுகோலும் கடினமானதன்று. 1990களில் உருவாக்கப்பெற்று உலகெங்கும் வழங்கும் சிறு ஊட்ட மதிப்பீடு என்னும் முறையின் சுருக்க வடிவத்தில் ஆறு வினாக்களே உள்ளன. கடந்த மூன்று மாதங்களில் உணவு குறைந்ததா? எடை குறைந்ததா? எழுந்து நடமாடுகின்றாரா? கடும் நோயோ பெருந்துயரோ நேர்ந்ததா? மறதி நோயோ மனச்சோர்வோ உண்டா? உயரத்துக்கேற்ற எடை உள்ளதா? இவற்றுக்கு மொத்தம் 14 மதிப்பெண். 12 முதல் 14 வரை நலம். 8 முதல் 11 வரை ஆபத்தின் விளிம்பு. 7 அல்லது அதற்குக் கீழ் ஊட்டக்குறைவு. முதுகு வளைந்தவர்க்கும் படுக்கையில் உள்ளவர்க்கும் உயரமும் எடையும் அளப்பது அரிது. அவர்க்குக் கெண்டைக்காலின் சுற்றளவை நாடாவால் அளந்தாற் போதும். அது 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் எச்சரிக்கை.

ஒரு மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்தும், ஆறு மாதத்தில் நூற்றுக்குப் பத்தும் குறைந்தால் உடனே மருத்துவரை நாட வேண்டும் என்பது பொதுவிதி. ஐம்பது கிலோ உடையவர்க்கு ஒரு மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைவதே அபாய அறிகுறி என்பதை நினைவிற் கொள்க. இதயம் அல்லது சிறுநீரக நோயால் கால் வீங்கியவர்க்கு, நீர்கோத்து எடை ஏறியதுபோல் தோன்றும். அதனைத் தேறியதாகக் கருதிவிடலாகாது.

பிற நாடுகள் காட்டும் பாடம்

செல்வம் மிக்க நாடுகளும் இப்பிழையினின்று தப்பவில்லை. ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்கள் உணவுப் பொருளுக்காக ஒருவர்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக 6.08 டாலரே செலவிட்டன என ஓர் ஆய்வு வெளிப்படுத்திற்று. அந்நாட்டு அரசு அமைத்த விசாரணை ஆணையம் 2021இல் தன் இறுதி அறிக்கையை அளித்தபின், அவ்வாண்டு ஜூலை முதல் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 10 டாலர் கூடுதலாக வழங்கப்பட்டது. அதே நாட்டில் 60 இல்லங்களில் வாழ்ந்த 7,000க்கும் மேற்பட்ட முதியோரிடம் இரண்டாண்டு ஆய்வு ஒன்று நிகழ்ந்தது. பாதி இல்லங்களில் பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியன கூட்டி வழங்கப்பட்டன. அவ்வில்லங்களில் எலும்பு முறிவு 33 விழுக்காடு குறைந்தது என 2021இல் அறிவித்தனர். மருந்தால் அன்று, பாலால் விளைந்த பயன் இது.

நெதர்லாந்தில் ஐந்து இல்லங்களில் நடந்த மற்றோர் ஆய்வு 2006இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினர்க்கு முன்போலவே தட்டில் இட்டு மூடிய உணவு வழங்கினர். மற்றொரு பிரிவினர்க்கு மேசை விரித்து, பாத்திரங்களை நடுவே வைத்து, வேண்டியதை வேண்டிய அளவு எடுத்து உண்ணச் செய்து, பணியாளரும் உடன் அமர்ந்தனர். ஆறு மாதத்தின் பின், உடன் அமர்ந்து உண்டவர்களின் எடையும் உடலாற்றலும் காக்கப்பட்டிருந்தன. ஏனையோர்க்கு அவை குன்றின. ஒரே தாலத்தைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கமுடைய நமக்கு இஃது ஆய்வு சொல்லித் தெரியவேண்டிய செய்தியன்று. எனினும் நம் இல்லங்களில் முதியவர் தத்தம் கட்டிலிலேயே தனியே உண்கின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

இல்லம் நடத்துவோர்க்கு நான்கு கடமைகளைச் சொல்லலாம். ஒன்று, ஒவ்வொரு மாதமும் குறித்த நாளில் அனைவரையும் எடை பார்த்து ஆளுக்கோர் அட்டையில் எழுதுதல். இரண்டு, தட்டில் எஞ்சியதைப் பார்த்த பின்னரே தட்டை எடுத்தல். பாதிக்கு மேல் எஞ்சினால் பெயரைக் குறித்தல். மூன்று, இரவில் படுக்குமுன் ஒரு குவளைப் பாலோ கூழோ வழங்கி, இரவு இடைவெளியைக் குறைத்தல். நான்கு, பல், வாய், மருந்து ஆகியவற்றை மருத்துவரைக் கொண்டு சோதித்தல். சர்க்கரைக்கும் உப்புக்கும் அஞ்சி எல்லாவற்றையும் விலக்கிய உணவு, மெலிந்த முதியவர்க்கு நன்மையினும் தீமையே மிகுதியாகச் செய்யக்கூடும். எவ்வளவு தளர்த்தலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளும் தேவை. இருமிக்கொண்டே உண்பவர்க்கு நீர்த்த கஞ்சி மூச்சுக்குழலுட் செல்லக்கூடும். அவரை நிமிர்த்தி அமர்த்தி, கெட்டியான உணவைச் சிறிது சிறிதாக ஊட்டி, உண்டபின் அரை மணி நேரமேனும் படுக்கவிடாதிருத்தல் வேண்டும். படுத்த நிலையில் ஊட்டலாகாது. மற்றொன்று, பல நாள் ஏறத்தாழ உண்ணாதிருந்தவர்க்கு ஒரேயடியாக நிறைய உணவிடுதல் உயிருக்கே ஊறு விளைக்கும். உடலின் உப்புகள் நிலைகுலையும். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே கூட்டுதல் வேண்டும்.

கொடையளிப்போர்க்கு ஒரு வேண்டுகோள். பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் பெருநாளிலும் ஒரே வேளை விருந்தாகக் கொடுப்பதினும், அதே தொகையை முப்பது நாள் முட்டைக்கும் பாலுக்கும் கொடுத்தல் பயன் மிக்கது. இல்லத்தாரிடம் ‘எத்தனை பேருக்குச் சாப்பாடு வேண்டும்?’ என்று கேட்குமுன், ‘எத்தனை பேருக்கு எடை குறைந்தது?’ என்று கேட்போம். எடைக்கருவி இல்லாத இல்லத்துக்கு அதனையே முதற்கொடையாக அளிப்போம்.

ரமலான் மாதத்தில் கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. நோன்பு நோற்க இயலாத முதியோர்க்கு மார்க்கம் சலுகை தந்துள்ளது. ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவை அதற்கு ஈடாக வைத்துள்ளது. ஆயினும் வாழ்நாள் முழுவதும் நோற்றவர்க்கு அதனை விட மனம் வருவதில்லை. மெலிந்த உடலும் சர்க்கரை நோயும் உடையவரிடம் மருத்துவரும் ஆலிமும் சேர்ந்து அன்போடு எடுத்துரைத்தல் வேண்டும். அவர் நோன்பை விடுவது குறையன்று என்பதை அவருக்கு உணர்த்துவதும் ஒரு பணிவிடையே. ஃபித்யாவும் ஸதகாவும் முறையாகச் சென்றடையும் வழிகளுள் ஆதரவற்ற முதியோரின் அன்றாட உணவையும் சேர்ப்பது பற்றி ஜமாஅத்துகள் உலமாக்களைக் கேட்டு முடிவு செய்யலாம்.

மாணவர்க்கும் பணி உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் இருவர், மாதத்தில் ஒரு நாள் ஓர் இல்லத்துக்குச் சென்று எடை அட்டையை எழுதி வரலாம். வேறு சிலர் உணவு வேளையில் உடன் அமர்ந்து பேசி உண்ணலாம். இதற்குப் பட்டறிவு வேண்டுவதில்லை. ஒரு மணி நேரம் வேண்டும்.

அரசின் ஏற்பாடுகளையும் அறிந்திருத்தல் நன்று. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் அமைத்தல் பற்றியும், இல்லங்களுக்குரிய தரங்களை மாநில அரசு வகுத்தல் பற்றியும் பேசுகின்றது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இலேயே முதியோர்க்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பெற்றது; அதனைத் தோற்றுவித்த மருத்துவர் வி.எஸ். நடராசன் தமிழிலும் முதியோர் நலம் பற்றி நிறைய எழுதியுள்ளார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. முதியோர் துயர் உற்றால் அழைக்க 14567 என்னும் உதவி எண் உள்ளது.

முடிவுரை

பெற்றோர் முதுமை எய்துங்கால் அவர்களிடம் சலிப்பின் சிறு சொல்லும் கூறலாகாது எனத் திருமறை கற்பிக்கின்றது. சொல்லாற் சலிக்காத நாம், தட்டை விரைந்து எடுக்கும் கையாற் சலித்துவிடுகின்றோம். இல்லத்தில் இருப்போர் நம் பெற்றோர் அல்லர் என்று நினைத்தற்கும் இடமில்லை. இப்பகுதியின் ஆலைகளிலும் துறையிலும் உழைத்து நம்மை வளர்த்த தலைமுறை அது.

மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி வார்த்தோர், குடித்தவர் முகத்தையும் நோக்கினர். நாமும் அடுத்த முறை உணவோடு ஓர் இல்லத்துக்குச் செல்லும்போது, ஓர் எடைக்கருவியையும் ஓர் அளவு நாடாவையும் உடன் எடுத்துச் செல்வோம்; உண்டு முடியும் வரை அருகில் அமர்ந்திருப்போம். அதற்குரிய பொறுமையையும் நல்லெண்ணத்தையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் தந்தருள்வானாக.